முதுகில் விரிசலா, பெயரில் விரிசலா?



மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு செல்லும் பேருந்தில்தான் நான் கல்லூரிக்குப் போய் வருகிறேன். 2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முந்தைய நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா 6 ஓட்டங்கள் வித்தியாசத்தில் இங்கிலாந்தை வென்றிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஏறிய இரண்டு பள்ளி மாணவர்கள் என் இருக்கைக்கு அருகில் நின்றுகொண்டு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"பாத்தியாடா, பும்ரா ஆடாத மேட்ச்லதான் நாம ஜெயிக்கிறோம்."

"அவரு உடம்பு கண்ணாடிடா. தொட்டா உடைஞ்சிடும். சிராஜைப் பாரு, அஞ்சு மேட்சும் போட்டாரு."

சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நடத்துநரும், "சரியாச் சொன்னே தம்பி" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். செங்கற்பட்டு வருவதற்குள் உலகின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் 'ராசியில்லாதவர்', 'உடம்பில் வலுவில்லாதவர்', 'நாட்டுக்காக ஆட மனமில்லாதவர்' என்று மூன்று பட்டங்களைப் பெற்றுவிட்டார்.

விளையாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை எடுத்து எழுதும்போது நீங்கள் கடைப்பிடிக்கும் நேர்மையில் கொஞ்சத்தையாவது ஒரு மனிதரின் பெயரைப் பற்றிப் பேசும்போதும் கடைப்பிடிக்க வேண்டாமா? காயம் என்பது குணக்கேடு அல்ல. அது விசை, எண்ணிக்கை, ஓய்வு ஆகியவற்றின் கணக்கு. இதை மறந்து நாம் பேசும் பேச்சு எங்கோ இருக்கும் நட்சத்திர வீரரை அதிகம் தொடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பையனைத்தான் தொடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஐந்து ஆட்டங்களின் கணக்கு

முதலில் 'ராசி'யை எடுத்துக்கொள்வோம். அந்தத் தொடரில் ஐந்து டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. லீட்சில் தோல்வி, பர்மிங்ஹாமில் வெற்றி, லார்ட்சில் தோல்வி, மான்செஸ்டரில் சமநிலை, ஓவலில் வெற்றி. பும்ரா மூன்று ஆட்டங்களில்தான் ஆடுவார் என்பது தொடர் தொடங்கும் முன்பே அறிவிக்கப்பட்ட செய்தி. அவர் ஆடாத இரண்டும் பர்மிங்ஹாமும் ஓவலும். ஆக, வெற்றி பெற்ற இரண்டு ஆட்டங்களிலும் அவர் இல்லை. பார்ப்பதற்குப் பெரிய சான்று போலத்தான் தோன்றுகிறது.

இப்போது ஒரு தாளை எடுத்து, ஐந்து ஆட்டங்களில் ஏதேனும் இரண்டை அவர் விட்டுவிடக்கூடிய வழிகள் எத்தனை என்று எழுதிப் பாருங்கள். லீட்ஸ்-பர்மிங்ஹாம், லீட்ஸ்-லார்ட்ஸ் என்று வரிசையாக எழுதினால் மொத்தம் பத்து வரும். அந்தப் பத்தில் ஒன்று, வென்ற இரண்டு ஆட்டங்களாகவே அமையும். அதாவது, கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு சீட்டுகளை எடுத்தாலும் இப்படி அமைவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் மூன்றும் தலையாக விழ எட்டில் ஒரு வாய்ப்பு. மூன்று முறை தலை விழுந்தது என்பதற்காக அந்த நாணயத்தில் மாயம் இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்களா?

ஆட்டத்தின் உள்ளேயும் சென்று பார்க்கலாம். லீட்சிலும் லார்ட்சிலும் இங்கிலாந்தின் முதல் இன்னிங்சில் பும்ரா ஐந்து ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். லார்ட்சில் 193 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது நம் மட்டையாளர்கள் 170-க்கு ஆட்டமிழந்ததால் 22 ஓட்டங்களில் தோற்றோம். பர்மிங்ஹாம் வெற்றியில் சுப்மன் கில் 269, 161 என்று ஓட்டங்களைக் குவித்தார். ஆகாஷ் தீப் பத்து விக்கெட்டுகள் எடுத்தார். இத்தனை காரணங்களையும் தள்ளிவிட்டு, ஆடாத ஒருவரை வெற்றிக்குக் காரணமாக்குவது எந்த வகை அறிவியல்?

இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவது வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருப்பது வேறு. சேவல் கூவிய பின் பொழுது விடிகிறது என்பதை எல்லாரும் பார்க்கிறோம். சேவலைக் கூண்டில் அடைத்தால் இரவு நீளுமா என்ன?

அமெரிக்காவில் ஒரு பட்டிமன்றம்

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கால்பந்தில் 'குவார்ட்டர்பேக்' என்று ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு தாக்குதலின்போதும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். அதை எறிவதா, அடுத்தவரிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று சில நொடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். அதனால் அணி வென்றால் அவருக்கு மாலை, தோற்றால் அவருக்கு வசை.

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக டாம் பிரேடி என்பவர் இருந்தார். 2007-ஆம் ஆண்டின் முறையான பதினாறு ஆட்டங்களையும் அந்த அணி வென்றது. 2008-இல் முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்காலில் பலத்த காயம். அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக ஆடியவர் மேட் காசெல். அந்த ஆண்டு அணி பதினொரு ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது.

அங்கே பட்டிமன்றம் தொடங்கியது. "பிரேடி இல்லாமலே பதினொரு வெற்றி. ஆகவே பெருமை அணிக்குத்தான்" என்றது ஒரு கட்சி. "பதினாறு பதினொன்றாகக் குறைந்தது. ஆகவே பெருமை பிரேடிக்குத்தான்" என்றது மறு கட்சி. ஒரே எண்கள், நேர் எதிரான இரண்டு முடிவுகள். இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒவ்வொருவரும் முடிவை முதலில் எடுத்துவிட்டுச் சான்றைப் பின்னால் தேடுகிறார்கள். அடுத்த ஆண்டு எதிரணிகளும் மாறுகின்றன, உடன் ஆடுபவர்களும் மாறுகிறார்கள். ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதனை செய்ய விளையாட்டு மைதானம் நம் ஆய்வுக்கூடம் அல்லவே! பிரேடியோ மறுபடி ஆடி, 2021 பிப்ரவரியில் வேறோர் அணிக்காகத் தம் ஏழாவது கோப்பையை வென்றார்.

மணலும் மண் தரையும்

அடுத்த பட்டம், 'உடம்பு கண்ணாடி'. இதற்கு இயற்பியலிடம்தான் போக வேண்டும்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடி வந்து பந்து வீசும் பையனின் முன்கால் ஈர மணலில் சற்றுப் புதைகிறது. அதே பையன் செங்கற்பட்டில் ஒரு கெட்டித் தரையில் கிரிக்கெட் பந்து வீசினால் கால் புதைவதில்லை. 'ணங்' என்று நிற்கிறது. இந்த வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் காண்போம்.

50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவன் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலியிலிருந்து குதிக்கிறான். தரையைத் தொடும்போது அவன் வேகம் நொடிக்கு 2 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டால் நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். அவனுடைய உந்தம் 100 அலகு. முழங்காலை மடக்கி 0.1 நொடியில் நின்றால், உந்தத்தை அழிக்க வேண்டிய சராசரி விசை 1000 நியூட்டன். அத்துடன் அவன் எடை 500 நியூட்டனையும் தரை தாங்க வேண்டும். ஆக 1500 நியூட்டன், அதாவது எடையைப் போல் மூன்று மடங்கு. காலை விறைப்பாக வைத்து 0.05 நொடியில் நின்றாலோ 2500 நியூட்டன், எடையைப் போல் ஐந்து மடங்கு. நேரம் பாதியானதால் அடி இவ்வளவு கூடிவிட்டது.

வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில் தரை திருப்பி அடிக்கும் உச்ச விசை, உடல் எடையைப் போல் ஐந்து, ஆறு மடங்கு இருக்கும். சிலருக்கு அதற்கு மேலும் உண்டு. 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு ஆறு மடங்கு என்றால் 3600 நியூட்டன். கண்ணிமைக்கும் நேரத்துக்கு 360 கிலோகிராம் பாரத்தைத் தாங்குவது போல. இதில் வேடிக்கை என்னவென்றால், முன்காலை மடக்காமல் விறைப்பாக ஊன்றுபவர்களுக்குத்தான் பந்து வேகமாகப் போகிறது. ஓடி வந்த உடலைக் கால் ஒரு தூண் போல் தடுக்க, மேல் உடல் அந்தத் தூணின்மேல் சுழன்று பந்தை எறிகிறது. எந்தச் செயல் அவருக்குப் புகழ் தருகிறதோ, அதே செயல்தான் முதுகையும் தாக்குகிறது.

அதே கணத்தில் இடுப்புக்கு மேலுள்ள உடல் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும்படுகிறது. இதனால் முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள முள்ளெலும்புகளின் பின்புறத்து மெல்லிய பாலம் போன்ற பகுதி நெருக்கப்படுகிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்திலும், இடக்கையால் வீசுபவருக்கு வலப்பக்கத்திலும் விரிசல் விழுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மனவலிமை குறைந்ததால் வரும் விரிசல் என்றால், அது வீசும் கையைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்குமா?

கம்பியும் எலும்பும்

"ஒருமுறை தாங்கிய எலும்பு மறுமுறை ஏன் தாங்காது?" என்று கேட்கலாம். ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து ஒருமுறை வளையுங்கள். உடையாது. மாற்றி மாற்றி வளைத்துக்கொண்டே இருங்கள். ஏதோ ஒரு தடவையில் ஒடிந்துவிடும். கடைசி வளைவில் நீங்கள் கூடுதல் பலம் எதுவும் போடவில்லை. முதல் வளைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. இதைத்தான் 'உலோகக் களைப்பு' என்கிறோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அணு உலைக்கான உலோகங்களை மீண்டும் மீண்டும் இழுத்தும் அமுக்கியும் இந்தக் களைப்பை ஆராய்கிறார்கள். அங்கே எந்த அறிவியலாளரும் ஒடிந்த உலோகத் துண்டைப் பார்த்து, "இதற்கு நாட்டுப்பற்று போதாது" என்று எழுதி வைப்பதில்லை. எவ்வளவு விசை, எத்தனை சுற்று என்றுதான் குறிக்கிறார்கள்.

எலும்புக்கும் களைப்பு உண்டு. ஆனால் கம்பிக்கு இல்லாத ஒரு வரம் எலும்புக்கு இருக்கிறது. அது உயிருள்ளது, தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும். சேதமான பகுதியை ஒரு வகை உயிரணுக்கள் அரித்து நீக்குகின்றன. மற்றொரு வகை உயிரணுக்கள் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. நீக்கும் வேலை சில வாரங்களில் முடிகிறது. கட்டும் வேலைக்கு மாதங்கள் ஆகின்றன. பழைய சுவரை இடித்தாயிற்று, புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை என்ற இடைக்காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் ஓய்வின்றிப் பந்து வீசினால் சேதம் முந்திக்கொள்கிறது, பழுது பார்த்தல் பின்தங்குகிறது. விரிசல் பிறக்கிறது.

பும்ராவின் கதையை இந்தக் கண்ணோடு படியுங்கள். 2019-இல் அவர் முதுகெலும்பில் விரிசல். 2022-இல் மறுபடி முதுகுக் காயம். 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில் திரும்பினார். 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையில் தொடர் நாயகன் ஆனார். அதே ஆண்டு நவம்பர் முதல் 2025 சனவரி முதல் வாரம் வரை ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டுகளில் 151.2 ஓவர்கள் வீசி 32 விக்கெட்டுகள். 151.2 ஓவர் என்றால் 908 பந்துகள். ஏறத்தாழ ஆறு வாரங்களில் 908 முறை அந்த முன்கால் தரையில் ஊன்றியது. கடைசி டெஸ்டில், சிட்னியில், முதுகு வலியால் இரண்டாவது இன்னிங்சில் அவரால் பந்து வீச முடியவில்லை. இதற்குப் பிறகுதான் இங்கிலாந்தில் மூன்று ஆட்டங்கள் என்ற வரம்பு வந்தது. இதைச் 'சோம்பல்' என்பதா, கணக்கு என்பதா?

சிராஜ் அதே இங்கிலாந்துத் தொடரில் ஐந்து ஆட்டங்களிலும் 185.3 ஓவர்கள் வீசி 23 விக்கெட்டுகள் எடுத்தார். போற்ற வேண்டிய உழைப்பு. அதில் ஐயமே இல்லை. ஆனால் அதை எடுத்து மற்றவரை அடிக்கும் கோலாக்குவது தவறு. ஒரே கடையில் வாங்கிய இரண்டு கம்பிகளில் ஒன்று முன்பே பலமுறை வளைக்கப்பட்டது என்றால், இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் வளைத்துப் போட்டி வைப்பது நியாயமான சோதனை ஆகாது.

லில்லியும் பாலாஜியும்

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது முதுகெலும்பில் விரிசல்கள் ஏற்பட்டன. அவர் மீண்டும் வேகமாக வீசுவார் என்று நம்பியவர்கள் குறைவு. அவர் ஓய்வெடுத்தார், உடற்பயிற்சி செய்தார், வீசும் முறையைச் சீர்செய்தார், 1974-இன் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். 1984-இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 355 டெஸ்ட் விக்கெட்டுகள் இருந்தன. அன்று அதுவே உலகச் சாதனை. அதில் பெரும்பகுதி காயத்துக்குப் பின் எடுத்தவை. பின்னர், 1987-இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்கு அவரே இயக்குநராக வந்து, நம் இளைஞர்களுக்கு முதுகைக் காத்துக்கொண்டு வேகமாக வீசும் முறையைக் கற்பித்தார். தோளும் இடுப்பும் வேறு வேறு திசையைப் பார்க்கும்படி உடலை முறுக்கி வீசுவதே முதுகுக்குப் பெரும் பகை என்பது இன்று பயிற்சியாளர்கள் நன்கறிந்த செய்தி.

நம் சென்னையைச் சேர்ந்த லட்சுமிபதி பாலாஜியை உங்கள் அண்ணன்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். 2004 பாகிஸ்தான் பயணத்தில் தம் சிரிப்பாலும் பந்து வீச்சாலும் எல்லாரையும் கவர்ந்தவர். ராவல்பிண்டி டெஸ்டில் ஏழு விக்கெட்டுகள். 2005 மார்ச்சில் மொகாலி டெஸ்டில் ஒன்பது விக்கெட்டுகள். அந்தத் தொடருக்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. முதுகுக் காயம் வந்தது. வீசும் முறையையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. 'ஒரு பயணத்து நாயகன்' என்று ஊர் பேசி முடித்துவிட்டது. ஆனால் 2008 மே 10-ஆம் நாள் சேப்பாக்கத்தில், ஐ.பி.எல். போட்டிகளின் வரலாற்றிலேயே முதல் 'ஹாட்ரிக்' எடுத்தவர் அவர்தான். 2012 இருபது ஓவர் உலகக் கோப்பையிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனும் இப்படித்தான். ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், 2020 டிசம்பருக்கும் 2021 சனவரிக்கும் இடையில், மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். சில மாதங்களில் முழங்காலில் அறுவை சிகிச்சை. 'அவ்வளவுதான்' என்றவர்கள் பலர். 2024 ஐ.பி.எல். போட்டிகளில் அவர் 19 விக்கெட்டுகள் எடுத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர்களின் கதைகளை மட்டுமே நாம் கேட்கிறோம். திரும்ப முடியாமல் போனவர்கள் ஏராளம். அவர்கள் முயற்சி குறைந்தவர்கள் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பாலாஜிக்கும் உழைப்பு இருந்தது, லில்லிக்கும் உழைப்பு இருந்தது. ஒருவருக்கு டெஸ்ட் வாழ்க்கை மீண்டும் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

நான் செய்த தவறு

இவ்வளவு சொல்கிறேனே, இதை எப்போது கற்றேன் தெரியுமா? ஒரு பையனின் முதுகைக் கொடுத்துக் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி அணிக்கு நான் பொறுப்பாசிரியராக இருந்தேன். கடற்கரையோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு மாணவன் முதலாண்டு இயற்பியலில் சேர்ந்திருந்தான். நல்ல உயரம், நல்ல வேகம். மணலில் டென்னிஸ் பந்து வீசிப் பழகியவன். நாங்கள் அவனைக் கெட்டித் தரையில், கனமான பந்தோடு, வாரத்துக்கு ஐந்து நாள் வீசவைத்தோம். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை ஊர் அணிக்கும் வீசினான்.

ஒரு நாள் அவன் என்னிடம் வந்து, "சார், இடுப்புக்கு மேல இடது பக்கம் வலிக்குது சார்" என்றான். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். படத்தில் எதுவும் தெரியவில்லை. மறுநாள் எல்லார் முன்னிலையிலும் நான் சிரித்துக்கொண்டே, "என்னப்பா, பரீட்சை வந்தா வயித்து வலி, மேட்ச் வந்தா முதுகு வலியா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன்பின் வலியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் நிமிர முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். எம்.ஆர்.ஐ. படத்தில் இடப்பக்கம் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. தொடக்க நிலையில் இத்தகைய சேதம் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது என்பதை எலும்பு மருத்துவர் அன்றுதான் எனக்குச் சொன்னார். 'கருவி காட்டவில்லை, ஆகவே பொருள் இல்லை' என்று முடிவு கட்டிய நான் வகுப்பில் அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பாடம் நடத்துபவன்! "முன்னாடியே ஏம்ப்பா சொல்லல?" என்று மருத்துவர் கேட்டபோது, அந்தப் பையன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நடிக்கிறேன்னு சொல்லுவாங்க சார்" என்றான்.

அந்தப் பருவம் முழுவதும் அவன் ஆடவில்லை. அவன் குணமாகிப் படிப்பை முடித்துவிட்டான். இப்போது ஊர் அணிக்குச் சுழற்பந்து வீசுகிறான். என்னைக் கண்டால் பழைய அன்போடுதான் பேசுகிறான். ஆனால் அந்த வேகம் போனது போனதுதான்.

மூன்று கேள்விகள்

நண்பர்களே, உங்கள் வயதில் முதுகெலும்பு இன்னும் முழு வலிமை பெறவில்லை. அது முற்றிலும் உறுதிப்பட இருபது வயதைத் தாண்ட வேண்டும். அதனால்தான் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் இத்தனை ஓவர்தான் வீசலாம் என்று வயதுக்கேற்ப வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பள்ளி மைதானங்களில் அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். இன்று எத்தனை பந்து, நேற்று எத்தனை, எங்கே வலி என்று அணித் தலைவன் குறித்து வைக்கலாம். பள்ளி அணி, ஊர் அணி இரண்டிலும் ஆடுபவன் இரண்டையும் கூட்டியே எழுத வேண்டும். எலும்புக்கு அணி வேறுபாடு தெரியாது.

இனி ஒரு வீரரைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, நான் பேசுவது அவருடைய திறமையைப் பற்றியா, உடல்நிலையைப் பற்றியா, துணிவைப் பற்றியா? நிறையையும் எடையையும் குழப்பினால் தேர்வில் மதிப்பெண் போய்விடும். இந்த மூன்றையும் குழப்பினால் ஒரு மனிதரின் பெயர் போய்விடும். "அவர் இந்த ஆட்டத்துக்குத் தயாராக இல்லை, வேறொருவரை எடுங்கள்" என்பது நியாயமான கருத்து. "அவர் கோழை" என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். இரண்டாவது, என் சான்று எத்தனை ஆட்டங்களிலிருந்து வந்தது? ஐந்தா, ஐம்பதா? மூன்றாவது, எந்தச் செய்தி வந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? "எது வந்தாலும் மாற்ற மாட்டேன்" என்றால் அது கருத்து அல்ல, பிடிவாதம்.

அன்று பேருந்தில் அந்த இரண்டு மாணவர்களிடமும் பத்துச் சீட்டுக் கணக்கைச் சொன்னேன். ஒருவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஆமா சார், பத்துதான் வருது" என்றான். மற்றவன் நெடுநேரம் பேசாமல் வந்தான். செங்கற்பட்டில் இறங்கும்போது என் அருகில் வந்து, "சார், எனக்கும் பந்து போட்டா இங்க வலிக்குது. யாருகிட்ட காட்டணும்?" என்று கேட்டான்.

அவன் கை இடுப்புக்குச் சற்று மேலே, இடப்பக்கத்தில் இருந்தது. நான் கல்லூரிக்குச் சற்றுத் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்று அவனோடு நின்று பேசினேன். உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவன் இருப்பான். அவன் வாய் திறந்து சொல்வதும் சொல்லாமல் மறைப்பதும் நாம் மற்றவர்களைப் பற்றிப் பேசும் பேச்சைப் பொறுத்தது.